தள்ளிக்கொள்ளும் துணிக்கைகளைச் சேர்த்து வைப்பது எப்படி?

துணிக்கை ஆர்முடுக்கி என்றதும் அது எங்கோ தொலைதேசத்து விஷயம் என்று எண்ணுகிறோம். ஆனால் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சை வழங்கும் இயந்திரமும் ஓர் ஆர்முடுக்கியே. உலகின் மிகப் பெரிய ஆர்முடுக்கி ஜெனீவா அருகே சேர்ன் நிறுவனத்தில் உள்ளது. நிலத்துக்கடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள அந்த வளையத்தில் இரு புரோத்தன் கற்றைகள் எதிரெதிரே ஓடி மோதுகின்றன. ஏறத்தாழ நூறு கோடி மோதல்களில் ஒன்றில்தான் ஹிக்ஸ் போசன் தோன்றும். அதை நுணுக்கமாக ஆராய இன்னும் ஏராளமான மோதல்கள் வேண்டும். அதற்குக் கற்றையின் செறிவைக் கூட்ட வேண்டும்.

புரோத்தன்களை இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டால் போதாதா? போதாது. நாம் வகுப்பில் மனனம் செய்யும் கூலோமின் விதி குறுக்கே நிற்கிறது. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். நெருக்க நெருக்கத் தள்ளுகை கூடி, கற்றை விரிந்து, துணிக்கைகள் குழாய்ச் சுவரில் மோதி வீணாகும்.

இதற்கான விடையும் நமது பாடத்திலேயே உண்டு. ஒரே திசையில் மின்னோட்டம் செல்லும் இரு சமாந்தரக் கம்பிகள் ஒன்றையொன்று கவரும் அல்லவா? ஒரே திசையில் ஓடும் புரோத்தன்களும் அப்படித்தான். அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க, இந்தக் காந்தக் கவர்ச்சி மின் தள்ளுகையைக் கிட்டத்தட்டச் சமன் செய்துவிடும். ஆகவே சிக்கல் பெரிதாக இருப்பது தொடக்கத்தில், அவை மெதுவாகச் செல்லும்போதுதான்.

எனவே சேர்ன் தொடக்கப் படியையே மாற்றியது. 1978 முதல் இயங்கிய பழைய இயந்திரம் புரோத்தன்களை 50 மெகா இலத்திரன் வோல்ற்றில் அடுத்த வளையத்துக்கு அனுப்பியது. 2020இல் அதன் இடத்துக்கு வந்த லினாக் 4, 160 மெகா இலத்திரன் வோல்ற்றில் அனுப்புகிறது. அதுவும் மேலதிகமாக ஓர் இலத்திரனைச் சுமந்த ஐதரசன் அயன்களை! மறை ஏற்றம் கொண்ட அவை காந்தப்புலத்தில் எதிர்ப்புறமாக வளைவதால், ஏற்கெனவே புரோத்தன்கள் சுற்றும் அதே பாதையில் வந்து இணைய முடிகிறது. அங்குள்ள மிக மெல்லிய காபன் படலம் இரு இலத்திரன்களையும் உரித்தெடுக்க, எஞ்சுவது புரோத்தன். பெரிய வளையத்தின் மூலத் திட்டத்தில் ஒரு திரளுக்கு 11,500 கோடி புரோத்தன்கள். இப்போதைய மேம்படுத்தலின் இலக்கு 22,000 கோடி.

பெண்பிள்ளைக்குக் கணிதப் பிரிவு எதற்கு என்று கேட்கும் பெற்றோர் எமது வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 2012இல் ஹிக்ஸ் கண்டுபிடிப்பை விளக்கி உரையாற்றிய இருவருள் ஒருவர் ஃபபியோலா ஜியனோட்டி என்ற பெண். 2016இல் அவரே சேர்னின் பணிப்பாளர் நாயகமானார். வவுனியாவில் எங்கள் கரும்பலகையில் எழுதப்படும் அதே கூலோமின் விதிதான் அங்கும்.