இன்றைய வானிலையும் காலநிலை பற்றிய நம்பிக்கையும்

பூந்தமல்லிக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி, நான்கு ஆண்டுக் காலத்திற்குள் முரண்பட்ட இரு காட்சிகளை நம்முன் நிறுத்திற்று. 2015 டிசம்பர் 1ஆம் நாள் அவ்வேரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. 2019 ஜூன் மாதத்திலோ அதே ஏரி வறண்டு கிடந்தது. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வழியாய்ச் சென்னைக்குக் குடிநீர் வந்தது. வெள்ளமாயினும் வறட்சியாயினும், "காலநிலை மாறிவிட்டது" என்றே சபையார் பலர் கூறக் கேட்கிறோம். மழை அளவோடு பெய்யும் ஆண்டில் அப்பேச்சு ஓய்ந்துவிடுகிறது. இதன் காரணம் யாது?

வானிலை ஒரு நாளின் நிலை. காலநிலை பல்லாண்டுகளின் சராசரி. உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுகளை அளவாகக் கொள்ளுகிறது. ஆனால் சராசரியை எவரும் உடலால் உணர்வதில்லை. இன்றைய புழுக்கத்தையே உணருகிறோம். எனவே, "உலகம் வெப்பமடைகிறதா?" என்னும் கடினமான வினாவுக்கு, "இன்று வெப்பமாயிருக்கிறதா?" என்னும் எளிய வினாவின் விடையையே மனம் தன்னை அறியாமல் அளித்துவிடுகிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்திற்று. அன்றைய தினம் வழக்கத்தைவிட வெப்பமானது என்று எண்ணியோர், புவி வெப்பமடைதலை மிகுதியாய் நம்பினர். அதன் பொருட்டு மிகுதியாய் நன்கொடையும் அளித்தனர். இதன் மறுபுறத்தையும் காண்கிறோம். 2015 பிப்ரவரியில் அமெரிக்கச் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், புவி வெப்பமடைதலை மறுப்பதற்கு ஒரு பனியுருண்டையை அவைக்குள் கொண்டுவந்தார்.

இவ்விரு சாராரும் ஒரே பிழையையே செய்கின்றனர். 2015ஆம் ஆண்டின் சென்னைப் பெருமழையை ஆராய்ந்த அறிவியலார், அதில் புவி வெப்பமடைதலின் விளைவு புலப்படவில்லை என்றே கண்டனர். காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் அவ்விளைவை ஈடுசெய்திருக்கக்கூடும் என்றும் விளக்கினர். ஆயினும் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் புவியின் சராசரி வெப்பம், 1850–1900 காலத்தைவிட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது என்பது ஐயத்திற்கிடமற்ற உண்மை. ஒரு நாளின் மழை அதை நிரூபிப்பதுமில்லை; ஒரு நாளின் குளிர் அதைப் பொய்யாக்குவதுமில்லை.

போதக ஊழியத்திற்கு இதனால் விளையும் பயன் பெரிது. வெள்ளத்தைக் காட்டி மட்டுமே படைப்பின் பராமரிப்பைப் போதிப்போமாயின், அடுத்த குளிர்ந்த மார்கழியில் நம் சொல் வலுவிழக்கும். மேலும், நீர்வழிகளை அடைத்துக் கட்டடம் எழுப்பிய மனிதரின் பொறுப்பும் "காலநிலை" என்னும் ஒரே சொல்லில் மறைந்துபோம். மேகத்தையும் தென்றற்காற்றையும் கண்டு அன்றைய மழையையும் வெயிலையும் அறிந்தவர்கள், தாங்கள் வாழும் காலத்தை நிதானிக்கவில்லை என்று ஆண்டவர் கடிந்துகொண்டதை லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த நிதானத்தைச் சபைக்குக் கற்பிப்பது நம் கடமை. ஆகவே, வானம் தெளிந்து காற்று இதமாய் வீசும் ஞாயிற்றுக்கிழமையிலும் இதைக் குறித்துப் பேசுவோமாக.