ஈரமும் கல்லெழுத்தும்: கொங்குநாட்டுக் கோயில்களை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

கொங்குநாட்டில் பவானிசாகர் அணை 1955-இல் நிறைவெய்தியபொழுது, தணாயக்கன் கோட்டையும் அதனுள் நின்ற கோயிலும் நீர்த்தேக்கத்துள் மூழ்கின. இவ்வகை இழப்பு யாவர்க்கும் புலனாவது. நீர் கட்டடத்துள் மெல்லப் புகுந்து கல்லெழுத்தை அழிப்பதோ எளிதிற் புலனாவதன்று. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அந்நாட்டின் பழம்பதிகளுள் ஒன்று, ஆன்பொருநை எனச் சங்க நூல்கள் வழங்கும் அமராவதியின் கரையில் அமைந்த தாராபுரம். கல்வெட்டுகளில் வரும் இராசராசபுரம் இதுவே என்பர் ஆய்வாளர் பலர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருத்தலின் இப்பகுதி மழை குன்றியது. வறண்ட நிலத்தில் நீரால் வரும் கேடு சிறிதே என எண்ணுதல் இயல்பு. ஆயின் அது பொருந்தாது. மண்ணிலுள்ள உப்பு நீரிற் கரைந்து சுவரில் ஏறும். வெயிலில் நீர் ஆவியாக, உப்பு கல்லின் மேற்பரப்பை அடுத்துப் படிகமாகிப் பருக்கும். மேற்பரப்பு செதிள் செதிளாக உதிரும். நனைதலும் உலர்தலும் மாறிமாறி நிகழுந்தோறும் இக்கேடு மிகும்.

கருங்கல் நீரை மிகுதியாக உறிஞ்சுவதன்று. எனினும் கோயிற்சுவர் பலவற்றில் இருபுறமும் கல்முகம் நிற்க, நடுவே உடைகல்லும் செங்கல்லும் சாந்தும் நிரப்பப்பெற்றுள்ளன. இந்நிரப்பும் பொருத்துவாய்களும் ஈரத்தை ஏற்றுத் தேக்குகின்றன. நிலத்தினின்று ஏறும் ஈரம் அதிட்டானத்திலும் சுவரின் அடிப்பகுதியிலும் மிகுதியாகத் தங்கும். கல்வெட்டுகளுள் பெரும்பாலனவும் சகதி, குமுதம், பட்டிகை, அடிச்சுவர் ஆகிய அவ்விடங்களிலேயே பொறிக்கப்பெற்றவை. ஈரத்தின் எல்லையும் எழுத்தின் எல்லையும் ஒன்றாதலே ஈண்டுக் கருதற்பாலது.

பண்டைச் சிற்பியர் நீரின் இயல்பை அறியாதவரல்லர். உயர்ந்த அதிட்டானம் தரைநீரை விலக்கிற்று. கபோதத்தின் வளைந்த விளிம்பு மழைநீரைச் சுவரிற் படாது வீழ்த்திற்று. கோமுகை திருமுழுக்கு நீரைப் புறம்போக்கிற்று. சுண்ணாம்பும் செங்கற்சல்லியும் கடுக்காய் நீரும் கூட்டி இடித்த மேற்றளம், சரிவாய் அமைந்து நீரை வடித்தது. சுண்ணாம்புச் சாந்தின் நுண்துளைகள் வழியே உள்ளீரமும் வெளியேறிற்று.

பிற்காலத் திருப்பணிகள் சில இவ்வமைப்பைக் குலைத்துவிட்டன. திருச்சுற்றின் தரையைப் பன்முறை உயர்த்தியதால் அதிட்டானம் புதைந்தது. பொருத்துவாய்களைச் சிமெண்டால் அடைத்ததால் ஈரம் கல்முகத்தின் வழியே உலர்கிறது. உப்பும் அங்கேயே படிகிறது. பழந்தளத்தின்மேல் இட்ட புதுத்தளம் பாரத்தை மிகுவித்ததேயன்றி ஒழுக்கை நிறுத்தவில்லை.

ஆதலின், முதற்கண் நீர் வரும் வழியை அறிதல் வேண்டும். பின்னர்த் தூம்புகளைத் தூர்வாருதல், ஏறிய மண்ணை அகற்றுதல், பொருத்துவாய்களுக்கும் மேற்றளத்துக்கும் சுண்ணாம்புச் சாந்தே இடுதல் என்னும் முறையில் பணி நடத்தல் தகும். ஈரச்சுவரின்மேற் பூச்சிடுதல் நோயை உள்ளடைத்தலேயாம்.

பணி தொடங்குமுன் கல்வெட்டுகளை மைப்படி எடுத்தலும் இன்றியமையாதது. கல்வெட்டுத் துறையினர் 1887 முதல் ஆண்டறிக்கைகளில் குறித்தவற்றுள் பல, முழுப்பாடமாக அச்சேறாது சுருக்கமாகவே உள்ளன. நாட்டுப் பிரிவு, நிலவளவை, வழக்கிறந்த சொல் ஆகியவற்றுக்கு அக்கல்லே மூலம். அது உதிர்ந்தபின் ஐயம் தீர்க்கும் சான்று வேறில்லை. எனவே தூம்பைத் தூர்வாருதலும் பாடங்காத்தலே என்பது எம் துணிபு.