கணக்குக் கேட்டால் கசக்கிறதா?

2017-18இல் உழைப்பாளியின் கதவைத் தட்டி, “வேலை உண்டா?” என்று கேட்டது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அலுவலகம். ஒளிக்காமல் சொன்னான் உழைப்பாளி. அவனுக்குக் கணக்குக் காட்டினார்களா? இல்லை, தோழர்களே, இல்லை!

அறிக்கை முடங்கியது கண்டு, 2019 சனவரியில் புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் பதவி துறந்தனர். “இன்னும் முடிவாகவில்லை” என்றது மத்திய அரசு. தேர்தல் முடிந்தது, அமைச்சரவையும் பதவியேற்றது. மறுநாள், மே 31இல், வெளிவந்தது கணக்கு: உழைக்க வந்தோரில் 100க்கு 6.1 பேருக்கு வேலையில்லை!

பந்தி கலைந்தபின் இலை போடுவதா விருந்து? அவ்வாண்டு நவம்பரில், குடும்பச் செலவுக் கணக்கைத் தரம் போதாதென்று வெளியிடாமலே விட்டனர்.

எண்ணுவது அரசின் கடமை. எண்ணை அறிவது மக்களின் உரிமை. ஆள்வோருக்குக் கசந்தாலும், அறிவித்த நாளில் கணக்கு வெளிவரட்டும்! கணக்குக் கொடுத்தவன் கணக்குக் கேட்பான்!