பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும்

கிறித்தவர் தம் மறைநூலைப் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என இருபாற்படுத்து ஓதுவர். அவற்றுள் முன்னையது யூதர்க்கும் மறையாம். ஒரு நூல் இருவர்க்கும் பொதுவாய் நிற்கவும் கொள்கை வேறுபட்டது எங்ஙனம் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் நூல்களின் வைப்புமுறையை நோக்குக. யூதர் தம் மறையை 24 நூல்களாக எண்ணுவர். அவையே சீர்திருத்தச் சபையார் கணக்கில் 39 ஆம். கத்தோலிக்கர் வேறு சிலவற்றையும் கூட்டி 46 என்பர். யூதர் வரிசையில் நாளாகமம் இறுதிக்கண் நிற்கும். அது, எருசலேமிற் கோயில் எடுக்குமாறு பாரசீக வேந்தன் கோரேசு விடைகொடுத்த செய்தியோடு முடியும். கிறித்தவர் வரிசையில் இறுதிநூல் மல்கியா. அது எலியா மீண்டும் வருவார் என்னும் வாக்கோடு முடிய, அடுத்த ஏட்டில் இயேசுவின் வரலாறு தொடங்கும். முன்னையோர்க்கு அம்மறை தன்னளவில் நிறைந்தது; பின்னையோர்க்கு வருவார் ஒருவரை எதிர்நோக்கி நிற்பது.

அற்றேல், அவர் வந்தபின் பழையது வேண்டாவாலோ எனின், இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பார் அவ்வாறே கூறினார். யூதமறை கூறும் படைப்புக்கடவுள் வேறு, இயேசு காட்டிய அருட்கடவுள் வேறு என்பது அவர் கொள்கை. உரோமைச் சபை ஏறத்தாழக் கி.பி. 144-ல் அவரை விலக்கிற்று. தெர்த்தூலியன் அவரை மறுத்து ஐந்து பகுதிகளாக நூல் செய்தார். கடவுள் ஒருவரே என்பதும், பழைய வாக்கு இன்றேல் இயேசுவே மெசியா என்பதற்குச் சான்று இன்றாம் என்பதும் சபையார் துணிபு.

பழைய நூலைப் போற்றிய சபை, அந்நூற்கு உரியாரையும் போற்றிற்றோ எனின், இல்லை. யூதர் தள்ளுண்டனர், உடன்படிக்கை சபைக்கு மாறிற்று என்னும் கருத்துப் பன்னூற்றாண்டு வேரூன்றி, அவரைத் துன்புறுத்தினார்க்குத் துணையாயிற்று. மார்சியோன் தமக்கு முதலாசிரியராகக் கொண்ட பவுலோ, உரோமர்க்கு வரைந்த நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில், பிற இனத்தாராகிய கிறித்தவரை நல்லொலிவத்தில் ஒட்டப்பட்ட காட்டுக்கிளைக்கு ஒப்பிட்டு, அவர் செருக்குதல் தகாது என அறிவுறுத்தினார்.

1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நோஸ்த்ரா எத்தாத்தே' என்னும் அறிக்கை அவ்வதிகாரத்தையே பற்றுக்கோடாகக் கொண்டது. இயேசுவின் சாவுக்கு யூதர் அனைவர்மீதும் பழி சுமத்துதலும், அவரைக் கடவுளாற் சபிக்கப்பட்டோராகக் காட்டுதலும் ஆகா என அது விலக்கிற்று. 2000-இல் யூத அறிஞர் பலர் 'தப்ரு எமெத்' என்னும் அறிக்கையில், இரு திறத்தாரும் வழிபடுவது ஒரு கடவுளையே என்றனர்.

எனினும் மெசியா வந்தார் என்பார்க்கும், இனி வருவார் என்பார்க்கும் உள்ள வேறுபாடு நீங்கிற்றன்று. இயேசு இறைமகன் என்பதனை யூதர் உடன்படார். அவ்வேறுபாட்டை மறைத்தல் வாய்மையன்று. அது பற்றி வேரை இகழ்தல் கிளைக்கு அறமும் அன்று என்க.