தாயின் குடி, தகப்பனின் முதலெழுத்து

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கலியாணப் பேச்சு எடுத்தால் சீதனத்துக்கு முன்பே வரும் கேள்வி, பெண் என்ன குடி, மாப்பிள்ளை என்ன குடி என்பது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என்று அந்தப் பெயர்கள் நீளும். தாயின் குடிதான் பிள்ளைக்கும். ஒரே குடியில் சம்பந்தம் செய்யமாட்டார்கள். அது சகோதர முறை. மாமன் மகள் வேறு குடி என்பதால் மச்சாளைக் கட்டத் தடையில்லை.

இந்த வம்சாவளியைக் காத்து வந்தது கோயில். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவி குடிவழி உரிமை. எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, முதல் மரியாதை யாருக்கு என்பதும் அப்படியே. உரிமைப் பிணக்கு எழும்போதெல்லாம் பெரியவர்கள் தாய், தாயின் தாய் என்று பின்னோக்கிச் சொல்லியாக வேண்டும். அக்கரைப்பற்று முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மாரைக் குடிவாரியாகத் தெரிவுசெய்த மரபும் உண்டு.

ஏடுகளில் கிடந்த குடி மரபுகளை எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்று பதிப்பித்தார். பெரும் பணி அது. ஆனால் குடிகளின் தோற்றத்தைச் சொல்லும் அந்நூலில் ஒரு வீட்டுப் பெண்களின் பெயர் வரிசையைத் தேட முடியாது.

அரசுப் பதிவிலோ குடியே இல்லை. பெயருக்கு முன் நிற்பது தகப்பனின் முதலெழுத்து. சொத்துரிமையிலும் இதே கதைதான். முதுசம் பெண்வழியில் இறங்கும், மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தின் சட்டத்தைப் பிரிட்டோ என்பவர் நூலாக்கியது 1876இல். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த வழமையை ஓரங்கட்டியது. அதன் பிறகும் வீடு மகளுக்கே சீதனமாகப் போனது, மருமகன் அங்கே வந்து குடியேறினான். 2004 சுனாமிக்குப் பின் கட்டிய வீடுகள் பலவற்றை ‘குடும்பத் தலைவர்’ என்று ஆண்களின் பெயரில் எழுதியபோது, தாயிடமிருந்து மகளுக்கு வந்த சொத்து தாளில் கைமாறிவிட்டது. அந்தப் பெண்களுக்கு இது சிறிய இழப்பல்ல.

எழுதி வைத்த மூதாதையர் பெயர்கள் எப்படி உதவும் என்பதற்கு வேறிடத்தில் ஓர் உதாரணம் உண்டு. கலிபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாக் கரையில் வாழும் வியோட் மக்கள் 1860இல் துலுவாட் தீவில் படுகொலைக்கு ஆளானவர்கள். 1928ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு கேட்ட, அவர்கள் உட்பட்ட கலிபோர்னியப் பழங்குடியினர், 1852இல் அங்கே வாழ்ந்த தங்கள் மூதாதையரைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பங்கள் இன்று பேரர்களுக்கு வம்சாவளிச் சான்றாக உதவுகின்றன.

மட்டக்களப்பில் அப்படியொரு கோப்பு இல்லை. போரும் சுனாமியும் முதியவர்கள் பலரைக் கொண்டுபோய்விட்டன. இருப்பவர்களிடம் கேட்டு, ஒவ்வொரு கோயில் வண்ணக்கர் சபையும் தன் குடிகளின் தாய்மார் பெயர்களைக் குறைந்தது நான்கு தலைமுறைக்காவது இப்போதே எழுதத் தொடங்க வேண்டும்.