இரண்டு வால்வுகள் மாற்றிய பின் வரும் ஆண்டுகள்

இருதயத்தில் இரண்டு வால்வுகளை மாற்றிக்கொண்டு வீடு திரும்புவோரின் குடும்பத்தார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "டாக்டர், இது எத்தனை வருடம் தாங்கும்?"

உலோக வால்வு தேய்ந்து பழுதாவது மிக அரிது. திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்டு, 1990-ஆம் ஆண்டு முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு உட்பட, இவ்வகை வால்வுகள் பல பத்தாண்டுகள் உழைப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. எனவே, வால்வின் உறுதியைக் காட்டிலும், அதன்மேல் இரத்தம் உறையாமல் காப்பதே நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

நம் நாட்டில் இரு வால்வுகள் ஒருங்கே கெடுவதற்கு முக்கியக் காரணம், சிறுவயதில் வரும் வாதக் காய்ச்சல். தொண்டையைத் தாக்கும் கிருமியை எதிர்த்து எழும் உடலின் தற்காப்பாற்றல், வால்வுகளையும் புண்படுத்திவிடுகிறது. மைட்ரல் வால்வே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படும். அதனுடன் அயோர்ட்டிக் வால்வும் சேரும்போது இரண்டையும் மாற்ற நேரிடுகிறது.

இரத்தம் உறையும் தன்மையை ஐ.என்.ஆர். பரிசோதனை அளவிடுகிறது. அயோர்ட்டிக் இடத்தில் மட்டும் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அது பொதுவாக 2 முதல் 3 வரை இருந்தால் போதும். மைட்ரல் இடத்திலும் வால்வு மாற்றியவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை தேவைப்படும். உங்களுக்குரிய எல்லையை உங்கள் மருத்துவர் குறித்துத் தருவார். அளவு குறைந்தால் வால்வில் உறைகட்டி உருவாகும். மிகுந்தால் இரத்தக்கசிவு நேரும்.

ஆபத்து பெரும்பாலும் உடல் நன்றாக இருக்கும் நாட்களில்தான் நுழைகிறது. மூச்சிரைப்பு நீங்கி, வேலைக்கும் திரும்பிய ஒருவர், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். சில வாரங்களிலேயே வால்வு அடைபடவோ, பக்கவாதம் வரவோ கூடும். வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் உலோக வால்வு உள்ளவர்களுக்கு ஆயுள் முழுவதும் தேவை. புதுவகை உறைதடுப்பு மாத்திரைகள் இவற்றுக்கு மாற்றாகா.

முருங்கைக்கீரை முதலிய கீரைகளை விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணுங்கள். வலி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் கேளாமல் உட்கொள்ளாதீர்கள். பல் பிடுங்குவதற்கு முன் வால்வு மாற்றியதைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிருமித்தொற்றைத் தடுக்கும் மருந்து முன்கூட்டியே தரப்பட வேண்டும். வாதக் காய்ச்சலுக்காகப் போடப்படும் பெனிசிலின் ஊசியை, வால்வு மாற்றியாயிற்று என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. தாய்மையை விரும்பும் பெண்கள் கருவுறுவதற்கு முன்பே ஆலோசனை பெறுவது அவசியம். இம்மாத்திரைகள் கருவைப் பாதிக்கக்கூடும். ஆனால், அவற்றைத் தாமாக நிறுத்துவது தாயின் உயிருக்கே ஆபத்தாகும்.

நெடுங்காலம் பழுதான வால்வுடன் இருந்தவர்களுக்கு, அறுவைக்குப் பின்னும் சீரற்ற இருதயத் துடிப்போ தசைத் தளர்ச்சியோ நீடிக்கலாம். ஆகவே, மருத்துவர் குறிக்கும் காலத்தில் எக்கோ பரிசோதனைக்கு வாருங்கள்.

குடும்பத்தார் அறிய வேண்டியவை சில. வால்வின் 'டிக் டிக்' ஒலி மங்குதல், திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கருநிற மலம், தலையில் அடிபடுதல் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தாலும், அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வரும்போது ஐ.என்.ஆர். குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள்.