நம் ஓடைகள் போய்ச் சேரும் கடல்: உங்களுக்குத் தெரியுமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் மழை பிடித்தால் ஓடைகளில் வெள்ளம் இறங்கும். கண்மாய்கள் நிறைந்தது போக மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது? வைப்பாற்றில் கலந்து, சாத்தூரைத் தாண்டி, தூத்துக்குடிக்கு வடக்கே சிப்பிகுளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. கடல் நமக்குத் தூரம் என்று நினைக்கிறோம். நம் தண்ணீருக்கு வழி தெரிந்திருக்கிறது.

1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் தூத்துக்குடியும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. தெற்கத்திக் கரிசல் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறியது. சீமைச் சந்தையில் அதற்குத் திருநெல்வேலி என்றே பேர். இன்று பாதை திரும்பிவிட்டது. வெளிநாட்டுப் பஞ்சு அதே ஊரில் இறங்கி, நம் பக்கத்து நூற்பாலைகளுக்கு லாரியில் வருகிறது.

கொழும்புக்குப் போக ரயிலை விட்டு இறங்கித் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள், தெரியுமா? 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகே அந்தப் பயணம் தனுஷ்கோடிக்கு மாறியது.

அந்தக் கொழும்புப் பாதையில்தான் வ.உ.சி. கப்பல் விட்டார். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரே நின்றது பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது; கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது என்று இன்றும் சொல்வார்கள். 1908-ல் அவர் சிறைக்குப் போனார், கோவைச் சிறையில் செக்கிழுத்தார். வெளியே வந்தபோது அவர் கம்பெனி இல்லை. துறைமுகத்துக்கு அவர் பெயரை வைக்க நமக்கு 2011 வரை ஆகியிருக்கிறது. அங்கே போகிறவர்கள் பெயர்ப்பலகை முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள்.

பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி ஏற்றி வந்தன. இதற்காகத்தான் புதுத் துறைமுகத்தில் கடலுக்குள் கல்லைக் கொட்டி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்தில், இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். 1974-ல் அது பெருந்துறைமுகமானது. பக்கத்திலேயே முயல் தீவு. பேர்தான் தீவு, இப்போது சாலையிலேயே போகலாம். கலங்கரை விளக்கமும் கடற்கரையும் உண்டு. தோணிகளும் மறைந்துவிடவில்லை. பழைய துறைமுகத்தில் மரத்தோணிகள் இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றுகின்றன. கன்டெய்னர் கப்பலைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம், தோணியை நேரில் பாருங்கள்.

மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் விடியுமுன் போய், அன்று இரவே திரும்பும். ஏலம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இரவில் போக வேண்டும். மே மாத லீவில் பிள்ளைகளோடு போய் ஏமாறாதீர்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கட்டித்தான் கிடக்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படித்திருப்போம். அவற்றில் இரண்டு இப்போது நீருக்கடியில். ஒன்று தூத்துக்குடியை ஒட்டிய விலாங்குச்சல்லி. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில் அலையைத் தாங்க ஆளில்லாமல் தீவு கரைந்தது. மலையில் மரம் போனால் ஓடை என்ன ஆகும் என்று நாம் கண்டிருக்கிறோம். கடலுக்குள்ளும் கணக்கு அதேதான். கரைந்துகொண்டிருக்கும் வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

ஆடிப்பூரத்துக்கு இங்கே ஆண்டாள் தேர் ஓடும் நாட்களை ஒட்டியே தூத்துக்குடியில் பனிமய மாதா ஆலயத் திருவிழா: ஜூலை 26-ல் கொடியேற்றம், ஆகஸ்ட் 5-ல் பெருவிழா. இப்போதுள்ள ஆலயம் 1713-ல் கட்டியது. மாதாவுக்குத் தங்கத்தேர் உண்டு, ஆனால் ஆண்டுதோறும் ஓடாது. கடைசியாக 2023-ல் ஓடியபோது ஊர் கொள்ளவில்லை.

போகும்போது ஒரு டப்பா பால்கோவா, வரும்போது ஒரு டப்பா மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அவ்வளவுதான் அதில். காற்றுப்பட்டால் நமத்துவிடும், மூடியை இறுக்குங்கள்.

கடைசியாகச் சங்கு. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் வெண்சங்கிடம், கண்ணனின் வாய் எப்படி மணக்கும், எப்படி இனிக்கும் என்று பொறாமையோடு விசாரிக்கிறாள். நம் ஊரில் சின்ன வயதிலேயே காதில் விழும் பாசுரங்கள் அவை. அந்த வெண்சங்கை இன்றும் தூத்துக்குடி சங்குகுளி மீனவர்கள் மூழ்கித்தான் எடுக்கிறார்கள். அது எங்கே போகிறது தெரியுமா? வங்காளத்துக்கு. அங்கே அதை வளையமாக அறுத்து வளையல் செய்கிறார்கள். கல்யாணமான பெண்கள் இரண்டு கையிலும் போட்டுக்கொள்கிறார்கள்.